மின்னை அளந்தறிதல்

நம் முன்னோர் பொருள்களை அளத்தற்கு நால்வகை அளவைகளை வகுத்திருந்தனர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. தேங்காயை எண்ணினர், பொன்னை நிறுத்தனர், நெல்லை நாழியாலும் மரக்காலாலும் முகந்தனர், நிலத்தைக் கோல்கொண்டு நீட்டி அளந்தனர். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எவ்வெவ்வெழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்பதனைத் தொல்காப்பியர் தம் எழுத்ததிகாரத்தில் வரையறுத்துக் கூறியுள்ளார். இலக்கண நூலிலும் இடம்பெறுமளவிற்கு அளவைகள் தமிழர் வாழ்வில் கலந்திருந்தன.

இக்காலத்தில் நம் இல்லங்களில் இரவும் பகலும் பணிபுரியும் பொருள் ஒன்று உண்டு. அது விளக்கை ஏற்றுகின்றது, காற்றை வீசுகின்றது, மாவை அரைக்கின்றது, நீரைக் கொதிக்கவும் வைக்கின்றது, குளிரவும் வைக்கின்றது. அதுவே மின்சாரம். அதனைக் கண்ணாற் காண இயலாது, கையால் தொடலாகாது, படியால் முகக்கவும் தராசில் நிறுக்கவும் முடியாது. எனினும், அதனை நாம் விலை கொடுத்து வாங்குகின்றோம். விலை கொடுத்து வாங்கும் பொருளை அளந்து வாங்குதல் வேண்டுமன்றோ? காணவியலாத மின்னை எங்ஙனம் அளப்பது? நம் வீட்டுக் கருவிகளுள் எது எவ்வளவு மின்னைச் செலவிடுகின்றது என்பதனை எவ்வாறு அறிவது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண், திறன் வேறு, ஆற்றல் வேறு என்பதனை உணர்தல் வேண்டும். குழாயிலிருந்து நீர் விழுகின்றது என்று கொள்வோம். நீர் எவ்வளவு விரைவாக விழுகின்றது என்பது ஒன்று. குடத்தில் மொத்தம் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது மற்றொன்று. மெல்லிய தாரையாயினும் விடியுமளவும் விழுந்தால் தொட்டி நிறைந்துவிடும். பெருந்தாரையாயினும் ஒரு நொடியில் அடைத்துவிட்டால் குவளையும் நிறையாது. மின்கருவி எவ்வளவு விரைவாக ஆற்றலைப் பெறுகின்றதோ அது மின்திறன். அத்திறனோடு அது இயங்கிய காலத்தைப் பெருக்கினால் வருவது மின்னாற்றல். நாம் கட்டணம் செலுத்துவது திறனுக்கன்று; ஆற்றலுக்கே என்பதனை நினைவிற் கொள்க.

மின்திறனை அளக்கும் அலகுக்கு வாட்டு என்று பெயர். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் வாட்டு (1736-1819) என்பாரின் பெயரால் அஃது அமைந்தது. 1882-ஆம் ஆண்டு வில்லியம் சீமென்சு என்னும் பொறியறிஞர் அப்பெயரை முன்மொழிந்தார். ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட்டு ஆகும். ஆயிரம் வாட்டுக் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட்டு மணி. அதனையே நாம் 'யூனிட்' என்று வழங்குகின்றோம்.

இவ்வேறுபாட்டை அறியாதார் திறன் மிக்க கருவியே மிகுதியாகச் செலவிடும் என்று மயங்குவர். 750 வாட்டு மிக்சியில் நான்கு நிமிடம் சட்டினி அரைத்தால் 50 வாட்டு மணி செலவாகும். 150 வாட்டுக் கிரைண்டரில் நாற்பது நிமிடம் மாவரைத்தால் 100 வாட்டு மணி செலவாகும். திறனில் ஐந்திலொரு பங்கே உடைய கிரைண்டர், ஆற்றலில் இருமடங்கு பெற்றதைக் காண்க. பேரொலி எழுப்பும் கருவி பெருஞ்செலவு செய்வது என்றும், ஒலியின்றி இருப்பது செலவின்றி இருப்பது என்றும் எண்ணுதல் பிழையாம்.

இனி, மின்னளவியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், தாமஸ் ஆல்வா எடிசன் நியூயார்க்கு நகரத்துப் பேர்ல் தெருவில் மின்நிலையம் ஒன்றைத் தொடங்கி, சுற்றுப்புறத்தார்க்கு மின்சாரம் வழங்கினார். வழங்கிய மின்னை அளத்தற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. கண்ணாடிக் கலம் ஒன்றில் துத்தநாக உப்பின் கரைசலை நிரப்பி, அதனுள் இரு துத்தநாகத் தகடுகளை நிறுத்தினார். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் ஒரு சிறு கூறு அக்கரைசலின் வழியே செல்லும். அங்ஙனம் செல்லுங்கால் ஒரு தகட்டினின்று துத்தநாகம் கரைந்து மற்றதன்மேற் படியும். திங்கள்தோறும் ஊழியர் அத்தகடுகளை எடுத்துச் சென்று நிறுப்பர். எடையின் வேறுபாட்டைக் கொண்டு கட்டணம் கணிப்பர். தராசில் நிறுக்க இயலாத மின்னையும் எடிசன் ஒருவாறு எடுத்தல் அளவையால் அளந்துவிட்டார்! குளிர்காலத்தில் கரைசல் உறைந்து போகாதவாறு, கலத்தின் அருகே சிறு விளக்கு ஒன்றும் வைக்கப்பெற்றது. எனினும், வீட்டிற்குடையவர் தம் செலவைத் தாமே படித்தறிய இயலாமை இம்முறையின் பெருங்குறையாகும்.

பின்னர் மாறுதிசை மின்னோட்டம் பரவியது. அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரில் கான்சு தொழிற்சாலையில் பணிபுரிந்த ஓட்டோ பிளாதி என்பார், 1889-ஆம் ஆண்டில் மாறுதிசை மின்னோட்டத்துக்குரிய மின்னாற்றல் அளவி ஒன்றைப் படைத்து உரிமம் பெற்றார். மின்தூண்டலால் தட்டு ஒன்று சுழல, அச்சுழற்சியைப் பற்சக்கரங்கள் எண்ணிக் காட்டும் அளவிகள் இவ்வாறு தோன்றின. திறன் மிகுந்தால் தட்டு விரைந்து சுழலும். குறைந்தால் மெல்லச் சுழலும். நம் பாட்டன்மார் வீடுகளில் கறுப்புப் பெட்டிக்குள் அலுமினியத் தட்டு சுழன்றதைக் கண்டோர் பலர். இக்காலத்து மின்னணு அளவிகளில் சுழலும் தட்டு இல்லை. அதற்கு ஈடாகச் சிறு சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு ஒளிர்கின்றது. அவ்விளக்கின் துடிப்பே நமக்கு அளவுகோல். அதனை அறிந்தால், எவரும் தம் வீட்டுக் கருவிகளை அளந்துவிடலாம்.

இதனை யான் நூலறிவால் மட்டும் கூறுகின்றேனல்லேன். ஒரு பிழை செய்து, அதனால் கற்றுக்கொண்டேன். அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

எங்கள் இல்லத்தில் இரண்டு திங்களுக்கு 240 யூனிட் அளவில் மின்சாரம் செலவாவது வழக்கம். ஒருமுறை, கோடையின் தொடக்கத்தில், அது 336 யூனிட்டாக உயர்ந்தது. கணக்கெடுக்க வந்த ஊழியர் எண்ணைப் பிழைபடக் குறித்துவிட்டார் என்று முதலில் ஐயுற்றேன். அளவியிற் சென்று பார்த்தேன்; எண் சரியாகவே இருந்தது. அடுத்து என் பார்வை என் பெயர்த்தியின்மேற் சென்றது. அவள் பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். இரவில் நெடுநேரம் விளக்கெரித்துப் படிப்பாள். "நள்ளிரவு வரை விளக்கு எரிந்தால் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்?" என்று கடிந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரியலாகாது எனக் கட்டளையிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் விடியற்காலையில் திண்ணைக்குச் சென்று, புலரும் வெளிச்சத்தில் படிக்கலானாள். அவ்வொளியில் எழுத்துகள் தெளிவாகத் தெரியா. புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துக்கொள்வாள். அதனைக் கண்டும் என் கட்டளையை யான் மாற்றவில்லை.

பத்து நாள் சென்றபின், அவள் பள்ளியில் கற்ற பாடம் ஒன்றோடு என்னிடம் வந்தாள். "தாத்தா, என் விளக்கு எவ்வளவு மின்சாரத்தைச் செலவு செய்கிறது என்று அளந்து பார்த்தீர்களா?" என்று பணிவுடன் வினவினாள். "அளப்பதற்கு என்ன இருக்கிறது, அம்மா? கண்கூடாகத் தெரிகிறதே" என்றேன். "கண்கூடாகத் தெரிவது வெளிச்சம்தானே, தாத்தா? செலவு தெரியவில்லையே" என்றாள். அச்சொல் என்னைச் சிந்திக்கச் செய்தது. அளந்து பார்க்க இசைந்தேன்.

எங்கள் மின்னளவியின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்னும் குறிப்பு பொறிக்கப்பட்டிருந்தது. இவ்வெண் அளவிக்கு அளவி வேறுபடும். அவரவர் அளவியில் உள்ளதையே கொள்ளல் வேண்டும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்டு, 3600 நொடி. அதாவது 36,00,000 வாட்டு நொடி. இதனை 3200 ஆல் வகுத்தால் 1125 வருகின்றது. எனவே, விளக்கு ஒருமுறை துடித்தால் 1125 வாட்டு நொடி ஆற்றல் செலவாயிற்று என்பது பொருள். இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நொடிகளால் 1125-ஐ வகுத்தால், அப்போது இயங்கும் கருவியின் திறன் வாட்டுக் கணக்கில் கிடைக்கும்.

வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் நிறுத்தினோம். அளவியின் விளக்கு துடிக்கவில்லை. கம்பிகளில் மின்கசிவு இல்லை என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர், என் பெயர்த்தியின் எல்.ஈ.டி. விளக்கை மட்டும் ஏற்றினோம். ஒரு துடிப்பைக் கண்டு கடிகாரத்தை நோக்கினோம். அடுத்த துடிப்பு வர 125 நொடி ஆயிற்று. 1125-ஐ 125 ஆல் வகுக்க, 9 வாட்டு எனக் கண்டோம். அவள் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் விளக்கெரித்தால் 36 வாட்டு மணி. அறுபது நாளைக்கு 2160 வாட்டு மணி. அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். மிகுந்து வந்ததோ 96 யூனிட்! இரண்டு யூனிட்டுக்காக ஒரு குழந்தையின் படிப்பைக் கெடுத்தேன் என்று உணர்ந்து நாணினேன்.

அங்ஙனமாயின், மிகுதிக்குக் காரணம் யாது? ஒவ்வொரு கருவியாக அளந்தோம். மின்விசிறிக்குப் பதினைந்து நொடிக்கு ஒரு துடிப்பு. ஆகவே 75 வாட்டு. இஸ்திரிப் பெட்டிக்கு நிமிடத்திற்கு 53 துடிப்பு. ஆகவே ஏறத்தாழ 1000 வாட்டு. ஆனால், சிறிது நேரத்தில் அதன் துடிப்பு முற்றும் நின்றுவிட்டது. பின்னர் மீண்டும் தொடங்கியது. வேண்டிய வெப்பம் வந்ததும் தானே நின்று, வெப்பம் தணிந்ததும் தானே இயங்குவது அதன் இயல்பு. ஆதலின், பெட்டியின்மேற் பொறித்துள்ள வாட்டைக் காலத்தோடு பெருக்கி அதன் செலவைக் கணித்தல் தவறாகும்.

குளிர்சாதனப் பெட்டியும் அத்தகையதே. அதன் பொறி சிறிது நேரம் ஓடும். உள்ளே குளிர் நிறைந்ததும் ஓயும். எங்கள் பெட்டியை அளந்தபோது, ஒன்பது நொடிக்குச் சற்று மேலாக ஒரு துடிப்பு வந்தது. அஃது ஏறத்தாழ 120 வாட்டு. அதில் வியப்பில்லை. ஆனால், அரைமணி கழிந்தது, ஒரு மணியும் கழிந்தது, துடிப்பு ஓயவில்லை. இத்தகைய கருவியைச் சில நிமிடம் அளந்து முடிவு கூறலாகாது. ஒரு நாள் முழுதும் அளத்தல் வேண்டும். பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர் சுவர்ச்செருகியில் பொருத்தும் சிறிய அளவி ஒன்றைத் தந்து உதவினார். கருவியின் கம்பியை அதனுள் செருகிவிட்டால், மின்னழுத்தம், மின்னோட்டம், திறன், செலவான ஆற்றல் ஆகிய அனைத்தையும் அது எண்களாற் காட்டும்.

இருபத்துநான்கு மணி நேரத்தில் அது காட்டிய அளவு 2.4 யூனிட். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த நட்சத்திரச் சீட்டில் குறித்த ஆண்டுச் செலவை நாளுக்குப் பகுத்தால், ஒரு யூனிட் அளவே வருதல் வேண்டும். காரணத்தைத் தேடினோம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தோம். பிடிப்பின்றி எளிதாக வந்துவிட்டது. குளிர் கசிய, வெப்பம் நுழைய, பொறி ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 1.4 யூனிட் வீதம் அறுபது நாளைக்கு 84 யூனிட் இவ்வாறு வீணாயிற்று. எஞ்சிய 12 யூனிட், வெயிலின் கடுமையால் மின்விசிறி நாள்தோறும் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் கூடுதலாகச் சுழன்றமையால் வந்தது. கணக்கு முழுதும் விளங்கிவிட்டது.

பட்டையை மாற்றினோம். பெட்டியைச் சுவரினின்று சற்று விலக்கி வைத்தோம். மறுமுறை அளந்தபோது, நாட்செலவு 1.1 யூனிட்டாகக் குறைந்தது. அன்றிரவே பெயர்த்தியின் மேசைமேல் விளக்கை யானே ஏற்றிவைத்து, "குழந்தாய், அளவாமல் பழித்தேன்; பொறுத்துக்கொள்" என்றேன். அவள் சிரித்தாள். "அந்தப் பெட்டியையும் பாருங்கள், தாத்தா" என்று தொலைக்காட்சியின் கீழிருந்த செட்டாப் பெட்டியைச் சுட்டினாள். அதனை அளந்தோம், 10 வாட்டு. தொலைக்காட்சியை நிறுத்திய பின்னும் அது குறையவில்லை. சுவரிலுள்ள பொத்தானை அணைக்காமல் விட்டால், அறுபது நாளில் அது செலவிடுவது 14.4 யூனிட், அவள் விளக்கின் செலவைப்போல் ஆறு மடங்கிற்கும் மேல்! அதனை நாள் முழுதும் இயங்கவிட்டவன் யானேயன்றோ?

மாணவர்களே! நம் தமிழில் அளவை என்னும் சொற்கு மற்றொரு பொருளும் உண்டு. உண்மையை அறிதற்குக் கருவியாவதும் அளவையே. காண்டல், கருதல், உரை என அது மூவகைப்படும் என்பர் சைவ சித்தாந்த நூலார். விளக்கு எரிவதைக் கண்டு, அதுவே செலவுக்குக் காரணம் என யான் கருதியது காண்டலின் துணையில்லாத பிழைபட்ட கருதல். அளந்து கண்டபின் பிறந்ததே மெய்யறிவு. குற்றம் சாட்டுமுன் அளத்தல் அறிவியலுக்கு மட்டுமன்று, அறத்திற்கும் முறையாகும்.

அளக்கும்போது மனத்திற் கொள்ள வேண்டுவன சில. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து பெருக்கினால் போதும் என்று நினைத்தல் கூடாது. இஸ்திரிப் பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கு அது பொருந்தும். விசிறி முதலிய மோட்டார்க் கருவிகளில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆகவே, பெருக்கி வரும் தொகை உண்மைத் திறனினும் மிகும். இரண்டிற்கும் உள்ள விகிதத்தைத் திறன்காரணி என்பர். உண்மைத் திறனை நேரே காட்டும் அளவியே வேண்டும்.

கருவி எதனை அளந்தாலும், அது செய்யும் பணியையும் நோக்குக. பதினைந்து லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 55 பாகை வரை சூடாக்க, வெப்பச்சுருள் கொண்ட எந்த மின்கீசராயினும் அரை யூனிட்டுக்குக் குறையாமல் செலவிட்டே தீரும். அஃது இயற்கையின் விதி. அங்கே நீரைக் குறைத்தலும் வெப்பத்தைக் குறைத்தலுமே சிக்கனம். 60 வாட்டுக் குண்டு விளக்கு தரும் ஒளியை 9 வாட்டு எல்.ஈ.டி. விளக்குத் தந்துவிடும், அங்கே கருவியை மாற்றுதல் சிக்கனம். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி, 2002-இல் இதற்கென ஒரு நடுவணரசு அமைப்பு நிறுவப்பெற்றது. 2006 முதல் கருவிகளுக்கு நட்சத்திரச் சீட்டு வழங்கும் திட்டம் நடைபெற்றுவருகின்றது. கருவி வாங்குவோர் விலையை மட்டும் நோக்காது அச்சீட்டையும் படித்தல் நன்று. எனினும், சீட்டு சொல்வது புதுக்கருவியின் இயல்பு; பழகிய கருவியின் நிலையை அளவியே சொல்லும்.

எல்லாவற்றினும் மேலானது உயிர்க்காப்பு. மின்னளவியின் மூடியைத் திறத்தலும், அதன் கம்பிகளைத் தொடுதலும் ஒருபோதும் கூடா. அளவியின் முகப்பைப் படித்தலும் துடிப்பை எண்ணுதலுமே நம் பணி. செருகும் அளவியைப் பெரியோர் உடனிருக்கும்போதே, உலர்ந்த கையோடு பயன்படுத்துக. 6 ஆம்பியர் தாங்கும் அளவி 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. அதில் 2000 வாட்டுக் கீசரைப் பொருத்தினால் தீப்பற்றவும் கூடும்.

எடிசன் தகட்டை நிறுத்து அளந்தார். நாம் ஒளித்துடிப்பை எண்ணி அளக்கின்றோம். எடுத்தலும் எண்ணலும் இன்றும் நமக்குக் கைகொடுக்கின்றன. வருகின்ற விடுமுறையில் ஒரு தாளும் எழுதுகோலும் கடிகாரமும் கொண்டு உங்கள் இல்லத்து அளவியின் முன் அமர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பொருளில் எவ்வளவு வீணாகின்றது என்பது புலனாகும். ஒருவேளை, பழிக்கு ஆளான ஒருவரைக் காக்கவும் அது பயன்படும்.

பயிற்சி

1. நால்வகை அளவைகள் யாவை? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. மின்திறனுக்கும் மின்னாற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை உவமை கொண்டு விளக்குக.
3. எடிசன் மின்னை அளந்த முறை யாது? அதன் குறை யாது?
4. குளிர்சாதனப் பெட்டியை ஒரு நாள் முழுதும் அளக்க வேண்டுவது ஏன்?
5. ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்புடைய அளவியில், மின்விசிறி ஒன்று மட்டும் இயங்கும்போது ஐந்து நிமிடத்தில் 8 துடிப்பு வருகின்றது. அதன் திறன் எவ்வளவு?
6. ஆசிரியர் செய்த பிழை யாது? அதனை எவ்வாறு உணர்ந்தார்? ஒரு பக்க அளவில் எழுதுக.
7. பிரித்தெழுதுக: மின்னாற்றல், சுவர்ச்செருகி, மெய்யறிவு, உயிர்க்காப்பு.